முதல் கேமரா வாங்கும்முன் ஓட்டையை அளந்து பாருங்கள்

என் அக்கா மகள் பள்ளி நாடகத்தில் மேடையேறிய அன்று, வாங்கி ஒரு வாரமே ஆன புதுக் கேமராவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 24 மெகாபிக்சல், கையில் நல்ல கனம், பார்ப்பவர்கள் தானாக ஒதுங்கி வழிவிடும் தோரணை. வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் ஏற்றினால் எல்லா முகத்திலும் மணல் தூவியது மாதிரி புள்ளிகள். கையை வீசிப் பேசிய காட்சிகளில் கையே இல்லை, புகைதான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் செல்போனில் எடுத்து அனுப்பிய படம் இதைவிடத் தெளிவு என்பதை அக்கா நாசூக்காகச் சொல்லிவிட்டாள்.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. நான் பார்த்து வாங்கிய எண்தான் தப்பு. மெகாபிக்சலைப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டியது லென்ஸின் முன்வளையத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் இன்னொரு எண்ணை. கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸில் அது பெரும்பாலும் 1:3.5-5.6 என்று இருக்கும். வெளிச்சம் உள்ளே நுழையும் ஓட்டை எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண் அது, எஃப் எண் என்று பெயர்.

கணக்கு எளிதுதான். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஓட்டையின் விட்டம் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 என்றால் 50ஐ 1.8ஆல் வகுக்க, ஏறக்குறைய 28 மி.மீ. கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அது எஃப் 5.6க்கு இறங்கிவிடும், அப்போது விட்டம் 10 மி.மீ.கூட இல்லை. விட்டத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம் என்றால், பரப்பளவில் எட்டு மடங்கு. மேடையிலிருந்து வந்த வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதே கணக்கைச் செல்போனுக்கும் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பக்கத்து இருக்கைக்காரர் ஜெயித்த ரகசியம் பிடிபட்டது. விலை உயர்ந்த செல்போன்களின் பிரதான கேமராவில் குவியத் தூரம் சுமார் 7 மி.மீ., எஃப் எண் 1.8 பக்கம் இருக்கும். ஓட்டை ஏறக்குறைய 4 மி.மீ. கிட் லென்ஸை 18 மி.மீ.இல் வைத்தால் கிட்டத்தட்ட அதே அகலக் காட்சி கிடைக்கும், எஃப் 3.5இல் அதன் ஓட்டை 5 மி.மீ. சொச்சம். பரப்பளவில் பார்த்தால் செல்போனைவிட இரண்டு மடங்குகூட இல்லை. செல்போனோ அதோடு விடுவதில்லை. ஒருமுறை அழுத்தினால் பல படங்களைச் சடசடவென எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, சராசரி கண்டு ஒரே படமாகத் தருகிறது. இப்படி 9 படங்களைச் சேர்த்தால் புள்ளிகளின் தொல்லை மூன்றில் ஒரு பங்காகிவிடும். கிட் லென்ஸோடு மங்கிய வெளிச்சத்துக்குப் போனவர் செல்போனிடம் தோற்பதில் வியப்பே இல்லை.

சரி, அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சென்சர் மட்டமானது என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் பெரும்பகுதி வெளிச்சத்தின் சொந்தக் குணம். வெளிச்சம் ஃபோட்டான் என்னும் தனித்தனித் துளிகளாக வருகிறது, அதுவும் ஒழுங்கில்லாமல் வருகிறது. மழையில் ஒரே அளவு டம்ளர்களை வரிசையாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒவ்வொன்றிலும் 100 துளி விழும் நேரம் வைத்திருந்தால், எல்லாவற்றிலும் சரியாக 100 இருக்காது. ஒன்றில் 92, பக்கத்தில் 109, அடுத்ததில் 97 என்று முன்பின்னாக இருக்கும். இந்த முன்பின்னின் அளவு துளி எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 துளிக்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 துளி விழும்வரை காத்திருந்தால் முன்பின் 100 ஆகும், ஆனால் அது வெறும் 1 சதவீதம். டம்ளருக்குப் பதில் பிக்சல் என்று வைத்துக்கொண்டால், முகத்தில் தூவிய மணல் இதுதான். ஒரே நிறமாக இருக்க வேண்டிய கன்னத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேறுவேறு எண்ணைச் சொல்கின்றன. நிறைய ஃபோட்டான்களைச் சேர்ப்பதுதான் இதற்கு நேரான மருந்து.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். நானும் அன்று அதைத்தான் செய்தேன், 6400 வரை ஏற்றினேன். ஐஎஸ்ஓ என்பது ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் குமிழ் மாதிரி. நிலையம் சரியாகக் கிடைக்காதபோது குமிழைத் திருகினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்துதான் கூடும். சென்சருக்குள் வந்து சேர்ந்த ஃபோட்டான்களின் எண்ணிக்கையை ஐஎஸ்ஓ ஒன்றுகூடக் கூட்டுவதில்லை. வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மேடை வெளிச்சத்தை நாம் கூட்ட முடியாதபோது, ஃபோட்டான்களைக் கூட்ட இருப்பவை இரண்டே வழி: ஓட்டையைப் பெரிதாக்குவது, அல்லது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது.

இரண்டாவது வழியில்தான் கை புகையாகப் போகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசையும் கை, 1/20 நொடியில் 5 செ.மீ. நகர்ந்துவிடும். 1/200 நொடி என்றால் அரை செ.மீ.தான். எஃப் 5.6இல் 1/20 நொடி கேட்கும் அதே மேடை, எஃப் 1.8இல் 1/200 நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும் என்கிறது. கேமராவுக்குள் அதிர்வு தாங்கி இருக்கிறது, கவலை வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிரே ஆடுகிறவரை அதனால் நிறுத்த முடியாது. கட்டடம், சிலை, இரவு வீதி என்று அசையாதவற்றை எடுப்பவருக்கு அது பெரிய வரம். ஓடும் பிள்ளைகளை எடுப்பவருக்கு அநேகமாக உதவாது.

மிளகும் நெல்லிக்காயும்

பின்னணி கலங்கி முகம் மட்டும் துல்லியமாக நிற்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலரும் கேமரா வாங்கக் கிளம்புகிறார்கள். அதுவும் இதே ஓட்டையின் வேலை. எனக்கு மிகவும் பிடித்த ஒளியியல் விஷயம் இது. கேமரா வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரிந்திருக்காது.

ஒருவரின் முகத்தில் ஃபோகஸ் வைக்கிறீர்கள். வெகு தொலைவில், அவருக்குப் பின்னால், ஒரு விளக்கு எரிகிறது. படத்தில் அது ஒரு வட்டமாகக் கலங்கித் தெரியும். எவ்வளவு பெரிய வட்டம்? முகத்துக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், லென்ஸின் ஓட்டை அளவுக்கு ஒரு வில்லையைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு. சென்சர் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. செல்போனின் ஓட்டை 4 மி.மீ., ஆகவே விளக்கு ஒரு மிளகு அளவுக்குத்தான் கலங்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் 28 மி.மீ., நல்ல நெல்லிக்காய் அளவு. மிளகு அளவுக் கலங்கலில் பின்னால் இருக்கும் சுவரொட்டியின் எழுத்தைக்கூடப் படித்துவிடலாம். நெல்லிக்காய் அளவு என்றால் மரமும் வண்டியும் வெறும் நிறத் திட்டுகளாகக் கரைந்துவிடும்.

இந்த இயற்பியலைச் செல்போனால் மீற முடியாது. அதனால் போலியாகச் செய்கிறது. முகம் எது, பின்னணி எது என்று மென்பொருள் ஊகித்து, பின்னணியை மட்டும் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது. பல நேரம் நன்றாகவே இருக்கும். சுருட்டை முடியின் ஓரத்திலும் மூக்குக் கண்ணாடியின் விளிம்பிலும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெரிய ஓட்டைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ.தான். கண் துல்லியமாக இருக்கும், காது கலங்கியிருக்கும். ஃபோகஸ் சற்றே பிசகினால் மூக்கின் நுனி மட்டும் பிரமாதமாக வரும். நான் அப்படி நிறைய மூக்குகள் வைத்திருக்கிறேன்.

முழு ஃபிரேம் எதற்கு முழுசு?

அடுத்ததாகக் காதில் விழும் சொல், முழு ஃபிரேம். 36க்கு 24 மி.மீ. அளவுள்ள சென்சரை இப்படிச் சொல்கிறார்கள். இந்த அளவில் புனிதம் ஒன்றும் இல்லை. ஆஸ்கர் பர்னாக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சினிமா ஃபிலிமைச் சிறிய கேமராவுக்குள் படுக்கை வாக்கில் ஓட்டி, 18க்கு 24 என்ற சினிமாச் சட்டத்தை இரட்டிப்பாக்கினார். 1925இல் லைக்கா என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அப்போதெல்லாம் அது சின்னஞ்சிறு கேமரா. இன்று அதற்கு முழு என்று பெயர். ஏபிஎஸ்-சி என்ற அடுத்த அளவு ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ., பரப்பளவில் முழு ஃபிரேமில் பாதிக்கும் குறைவு. அதற்கும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற அளவு 17.3க்கு 13.

பெரிய சென்சர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மை கைக்கு வர வேண்டுமானால் அதன் முன்னால் பெரிய ஓட்டையும் வேண்டும். ஒருவர் முழு ஃபிரேம் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவை இப்படிச் சொல்வார்கள்) எஃப் 4 ஜூம் லென்ஸைப் போட்டு 50 மி.மீ.இல் எடுக்கிறார்: ஓட்டை 12.5 மி.மீ. இன்னொருவர் ஏபிஎஸ்-சி பாடியில் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போடுகிறார். இருவருக்கும் கிடைக்கும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் இரண்டாமவரின் ஓட்டை 19 மி.மீ.க்கு மேல். ஒரே ஷட்டர் வேகத்தில் சிறிய சென்சர்காரர் இரண்டு மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தைப் பிடிக்கிறார். பட்ஜெட் முழுவதையும் பாடியில் கொட்டிவிட்டு, லென்ஸுக்கு மிஞ்சியதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். லென்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பாடி. ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்களில் 35, 50 மி.மீ. எஃப் 1.8 வகைகள் பல நிறுவனங்களில் மலிவான வரிசையிலேயே கிடைக்கும். ஜூம் இல்லாததைக் காலால் நடந்து ஈடுகட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவில் மொத்தம் 10,000 பிக்சல். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி ஆனது. அந்தக் காலத்தில் பிக்சல் எண்ணிக்கைக்கு அர்த்தம் இருந்தது. ஏ4 தாளில் நெருக்கமாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். 4கே திரை என்பதே 8 மெகாபிக்சல் சொச்சம்தான். இன்னொரு விஷயம், 24இலிருந்து 33க்குத் தாவினால் படத்தின் நீளத்திலும் அகலத்திலும் கூடும் நுணுக்கம் 17 சதவீதம். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். தவிர, அந்த 24 மெகாபிக்சலும் நிறத்தை முழுசாகப் பார்ப்பதில்லை. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புப்படி பாதிப் பிக்சல்களின்மேல் பச்சைத் திரை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது, மற்ற இரண்டும் பக்கத்து வீட்டைக் கேட்டுப் போட்ட கணக்கு.

கண்ணாடி வேண்டுமா, வேண்டாமா?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சருக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கும். வெளிச்சத்தை மேலே திருப்பி, பட்டகத்தின் வழியாக உங்கள் கண்ணுக்குக் காட்டும். படமெடுக்கும் கணத்தில் அது மேலே மடங்கிக்கொள்ளும். டபக் என்ற அந்தச் சத்தம் முக்கியமாக அதனுடையதுதான். கண்ணாடி மடங்க இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் பொருந்தும் வளையம் சென்சரிலிருந்து தள்ளியிருக்கும். நிக்கானின் பழைய எஃப் வகையில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. கண்ணாடியை எடுத்துவிட்ட மிரர்லெஸ் வகையில், அதே நிறுவனத்தின் இசட் கேமராக்களில், 16 மி.மீ.தான். பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை மிரர்லெஸ்ஸில் போட வேண்டுமானால் மிச்சமுள்ள 30.5 மி.மீ.ஐ ஒரு வெற்றுக் குழாயால் நிரப்பினால் இடைவெளி சரியாகிவிடும். மறுதிசையில் நடக்காது, ஏனென்றால் இல்லாத இடைவெளியை உருவாக்க முடியாது. மிரர்லெஸ் லென்ஸ்களை டிஎஸ்எல்ஆரில் போட முடியாததற்குக் காரணம் இதுதான். கேனான், நிக்கான் இரண்டும் புது லென்ஸ்களை மிரர்லெஸ்ஸுக்கே கொண்டுவருகின்றன. பாடி நாலைந்து வருடத்தில் மாறும், லென்ஸ் கூடவே தங்கும். ஆகவே எந்த வளையத்தில் கால் வைக்கிறோம் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்காக டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது என்று சொல்பவன் இல்லை நான். பழையதாக வாங்கிக் கற்றுக்கொள்ள அதைப்போல் மலிவான வழி இல்லை. பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும், கண்ணால் பார்ப்பதற்கு அது மின்சாரம் செலவழிப்பதில்லையே. ஆனால் மூக்கு நுனிக் கதையைச் சொன்னேனே, அங்கேதான் மிரர்லெஸ் முந்துகிறது.

ஆட்டோஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். விரல் இடம்விட்டுத் தாவும். கேமராவும் லென்ஸ் ஓட்டையின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் இரண்டு கண்களாக வைத்துக்கொள்கிறது. இரண்டு ஓரங்களும் காட்டும் பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி. விலகியிருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு விலகல் என்பதை வைத்தே லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று தெரிந்துவிடும். டிஎஸ்எல்ஆர் இந்த வேலையைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தனி அறையில், திரையின் சில இடங்களுக்கு மட்டும் செய்கிறது. அந்த அறைக்குப் போகும் தூரமும் சென்சருக்குப் போகும் தூரமும் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் பிசகும். மிரர்லெஸ்ஸில் சென்சரிலேயே பரவலாகச் சில பிக்சல்களைப் பாதி மூடி வைத்தோ, பிக்சலையே இரண்டாகப் பிரித்தோ செய்துவிடுகிறார்கள். படம் விழும் இடமும் அளக்கும் இடமும் ஒன்றாகிவிட்டதால் பிசகுக்கு வழி குறைவு. சென்சர் எப்போதும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், முகத்தில் கண் எங்கே என்று தேடிப் பிடித்துத் தொடரவும் முடிகிறது. 3 செ.மீ. ஆழத்தில் கண்ணைப் பிடிக்கும் வேலையை அதனிடம் விட்டுவிடலாம். மனிதர்களை எடுப்பவர் என்றால், பாடியில் நான் கவனிக்கச் சொல்வது இந்தக் கண் தொடரும் திறனைத்தான்.

அப்புறம், கேமராவைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சுண்டுவிரல் தொங்குகிறதா, ஷட்டர் வேகத்தையும் ஓட்டையையும் கண்ணை எடுக்காமலே மாற்ற இரண்டு சக்கரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே சக்கரம் என்றால் ஒன்றை மாற்ற இன்னொரு பொத்தானை அமுக்கிக்கொண்டே திருக வேண்டும், காட்சி காத்திருக்காது. சென்சர் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி எல்லாவற்றிலும் இருக்கும், முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. இருட்டாக விழுந்த முகத்தைப் பிறகு தூக்கி எடுக்க அந்தப் படிகள் வேண்டும்.

எல்லோருக்கும் எஃப் 1.8 பிரைம்தானா என்றால், இல்லை. உங்கள் செல்போனில் இருக்கும் கடைசி நூறு படங்களைப் புரட்டிப் பாருங்கள். வீட்டுக்குள், விழாவில், மனிதர்கள் என்று வந்தால் அதுதான். மலையும் கடலுமாக இருந்தால் ஓட்டையை எஃப் 8க்குச் சுருக்கித்தான் எடுக்கப்போகிறீர்கள். கிட் லென்ஸே தாராளம், மிச்சப் பணத்தில் நல்ல முக்காலி வாங்கலாம். அங்கேயும் எஃப் 16, 22 என்று ரொம்பச் சுருக்க வேண்டாம். சின்ன ஓட்டையில் நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, ஒரு புள்ளியையே பல பிக்சல்களுக்கு இழுத்துவிடும். பறவைகளாக இருந்தால் நிலைமை கொஞ்சம் சங்கடம். 300 மி.மீ. லென்ஸில் எஃப் 6.3 என்ற சுமாரான எண்ணுக்கே 48 மி.மீ. விட்டத்துக்குக் கண்ணாடி தேவை, கனமும் விலையும் அதற்கேற்ப ஏறும். பறவைகளை எடுப்பவர்கள் முதல் கேமராவைப் பழையதாகப் பார்ப்பதே நல்லது.

பழையது வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்ன டார்ச்சை எடுத்துப் போங்கள். லென்ஸின் ஓட்டையை முழுதும் திறந்துவைத்து, பின்பக்கமிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி முன்னால் பாருங்கள். ஓரிரு தூசித் துகள் தெரிந்தால் பாதகமில்லை, படத்தில் விழாது. சிலந்தி நூல் மாதிரிக் கிளை விரித்திருந்தால் பூஞ்சை. அது கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும், துடைத்தால் போகாது. பாடிக்கு, எஃப் 16இல் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கிய கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சரின்மேல் அழுக்கு, அதைச் சுத்தம் செய்துவிடலாம். கூர்மையான கீறல் தெரிந்தால் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.